அமாவாசையன்று பட்டறையில் ஆள் இல்லை

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். "காலாட்டாத பாப்பா, வூட்டுக்கு ஆவாது" என்று அண்ணன் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டான். படூரில் என் ஃபிளாட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது கேமராவுக்கு முன்னால் முகம் சிரித்துக்கொண்டிருக்கும், மேசைக்கு அடியில் கால் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். பெரும்பாலும் அது மாமல்லபுரத்துக்குத்தான் போகும். அங்கேதான் அண்ணனுடைய சிற்பப் பட்டறை இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் கையில் உளி தானாக வந்து சேரும். எனக்கு வரவில்லை. கூடாது என்று யாரும் சொல்லவில்லை, கொடுக்கவும் இல்லை, அவ்வளவுதான். நான் படித்தேன், வேலைக்குப் போனேன். யாரோ எங்கோ வைத்திருக்கும் கணினிகளுக்குள் வீட்டிலிருந்தபடியே நுழைந்து அவற்றைச் சரி பார்ப்பது என் வேலை. அதற்கும் கல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று இருந்தேன். அண்ணன் கல் வெட்டும் மெஷின் வாங்கிய பிறகுதான் சம்பந்தம் வந்தது. மெஷினோடு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அண்ணன் எனக்குப் போன் செய்தான்.

மெஷின் என்றால் கடவுள் சிலையை முழுசாகச் செதுக்கித் தந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது உடம்பை வெட்டும், ஆடை மடிப்பை வெட்டும், முகத்தை ஓரளவுக்குக் கொண்டுவரும். மேல் தோலை உளியால் எடுத்து உயிர் கொடுப்பது அண்ணன். கண்ணை மட்டும் மெஷின் தொடவே தொடாது. கண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று மேடாக இருக்கும். எல்லாம் முடிந்து, கோயிலில் வைத்து, நாள் பார்த்து, அண்ணன் தன் கையால்தான் கண் திறப்பான். திறந்த கண் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. கண்ணாடி காட்டுவார்கள், பசுவைக் கன்றோடு நிறுத்துவார்கள், அப்புறம் ஊர் ஜனம் பார்க்கும்.

ஒரு பக்கத்தில் இப்படிப்பட்ட சமாசாரம். இன்னொரு பக்கத்தில், கல்தூள் அப்பிய ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர்.

மெஷினுக்கு வரி வரியாகக் கட்டளை அனுப்ப ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். அது நின்றுபோனால் அண்ணன் கூப்பிடுவான். "பாப்பா, மெஷின் நின்னுகிச்சி. ஸ்கிரீன்ல இன்னாவோ செவப்பா எழுதிகீது." படித்துக் காட்டு என்றால் படிக்க மாட்டான், போட்டோ எடுத்து அனுப்புவான். போட்டோவில் அவன் கட்டைவிரல் பாதி இருக்கும். சனி, ஞாயிறெல்லாம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கோவளம் வழியாகக் கடற்கரைச் சாலையில் ஓடினேன். ஓடுவது பிடிக்கும் என்பதால் முதலில் தெரியவில்லை. பிறகு கோபம் வந்தது. ஊர்பேர் தெரியாத கம்பெனிக் கணினிக்குள் ஒரு வரி தட்டி நுழைகிறேன், சொந்த அண்ணன் பட்டறைக்குள் நுழைய முடியவில்லையே என்று.

லினக்ஸாக இருந்தால் பல் துலக்கும் நேரத்தில் முடித்திருப்பேன். யூனிக்ஸ் குடும்பத்துக் கணினிகளுக்குத் தொலைவிலிருந்து ஆள் நுழைவது பிறவிப் பழக்கம். விண்டோஸ் அப்படியில்லை. முன்னால் உட்கார்ந்து மௌஸைப் பிடிக்கிறவர்தான் அதற்கு முதலாளி. இப்போது அதிலும் அந்த வசதியைச் சேர்த்திருக்கிறார்கள், கேட்டு வாங்கி நிறுவ வேண்டும். நிறுவினேன். சேவையை ஓடவிட்டேன். ஓடியது. மறுநாள் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் காணாமல் போயிற்று. தானாகத் தொடங்கு என்று அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். ஃபயர்வால் என்கிற தீச்சுவர் தடுத்தது. அதில் ஓட்டை போட்டேன். கடவுச்சொல் வேண்டாம், பாதுகாப்பான சாவிக் கோப்பு வைக்கலாம் என்று வைத்தேன். ஏற்கவில்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க அந்தத் தகரக் கொட்டகைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். கடைசியில் பார்த்தால், அண்ணனுடைய கணக்கு அட்மின் கணக்கு. அட்மின்களின் சாவியை அவரவர் இடத்தில் வைத்தால் செல்லாது, வேறொரு பொது இடத்தில் வைக்க வேண்டும். அங்கே வைத்தாலும் வேறு யாரும் அதைத் தொட முடியாதபடி பூட்டியிருந்தால்தான் செல்லும். இதைக் கண்டுபிடித்ததும் நான் போட்ட சத்தத்தில் வெளியே பிள்ளையார் தும்பிக்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

அப்போதும் முடியவில்லை. கேபிள்காரர் கொடுத்த இணைய இணைப்பில் தெருவில் பாதிப் பேருக்கு ஒரே முகவரி. வெளியிலிருந்து யாரும் கதவைத் தட்டவே முடியாது. ஆகவே பட்டறைக் கணினியே வெளியே ஒரு வாடகைச் சர்வருக்குப் போய் நிற்கும்படி செய்தேன். நான் அந்தச் சர்வருக்குப் போய், அது வந்த வழியிலேயே உள்ளே நுழைவேன். படூர் பால்கனியில் நின்றபடி முதல் தடவை உள்ளே நுழைந்ததும், திரையில் அண்ணன் கம்ப்யூட்டரின் பெயர் வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கெல்லாம் அழுவார்களா என்று கேட்கலாம். அந்தப் பட்டறையில் எனக்கென்று ஒரு வாசல் அன்றைக்குத்தான் வந்தது.

உள்ளே போய்விட்டேன், சரி. மெஷின் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டாமா? சிம் கார்டு போட்ட கேமரா ஒன்றை வாங்கி மெஷினுக்கு எதிரே மாட்டினேன். கேபிளோடு சம்பந்தமில்லாமல் அது தனியாக என் போனுக்குப் படம் அனுப்பும்.

மிச்சம் ஒரே ஒரு பேஜாரு இருந்தது. கேபிள் இணைப்பு அடிக்கடி அறுந்துவிடும், கடல்காற்று உப்பு அப்படி. இணைப்பு அறுந்தால் நான் தொடங்கிய வேலையும் அந்த இடத்திலேயே செத்துவிடும். இந்த வகை நுழைவில் அதுதான் வழக்கம். ஆள் போனால் ஆள் தொடங்கிய வேலையும் போகும். மெஷின் நடுவில் நின்ற இடத்தில் கல்லில் ஒரு கோடு விழும், அதைத் தேய்த்து எடுக்க அண்ணனுக்கு அரை நாள் போகும். எனக்கு அது பொறுக்கவில்லை. வேலையை என் இணைப்பின் கையிலிருந்து பிடுங்கி, விண்டோஸில் குறித்து வைத்த வேலைகளைத் தானே ஓட்டும் பகுதியிடம் ஒப்படைத்தேன். இனி நான் இருந்தாலும் போனாலும் மெஷின் ஓடும். யாராலும் நிறுத்த முடியாது என்று அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்டியே இருக்கட்டும்" என்றான்.

அந்தச் சமயத்தில்தான் மதுராந்தகம் பக்கத்திலிருந்து அம்மன் சிலைக்கு ஆட்கள் வந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் உழைத்த குடும்பங்கள். இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம், பேங்கு, கம்பெனி என்று போகிறார்கள். இத்தனை நாள் வேப்பமரத்தடியில் மூன்று செங்கல்லாக இருந்த அம்மனுக்குக் கோயில் கட்டியிருந்தார்கள். கமிட்டித் தலைவி தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. திரையில் அம்மன் முகத்தைக் காட்டினோம். கண் இல்லாமல் மேடாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "இது யாரு முகம்னே தெரியலியே. கண்ணு இல்லாம எப்டி சொல்றது எங்க ஆத்தாவா இல்லியான்னு?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். காட்டுவதற்கென்று கண் வரைந்த கோப்பு ஒன்றைத் தனியாகச் செய்து கொடுத்தேன். அதைப் பார்த்ததும் கமிட்டி அக்கா திரைக்குக் கிட்டே குனிந்தார். பிறகு, "இவதான்" என்றார். போகும்போது அண்ணனிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "கண்ணு தொறக்க சொல்லோ நாங்க எல்லாரும் நிப்போம். எதுலயும் எங்கள யாரும் மொதல்ல பாத்ததில்ல. ஆத்தா மொதல்ல எங்களத்தான் பாக்கணும்."

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். முகம் மட்டும் பாக்கி இருந்தபோது நடுவில் அமாவாசை வந்து நின்றது.

எங்கள் ஆட்கள் அமாவாசையன்று உளி எடுக்க மாட்டார்கள். பட்டறைக்குப் பட்டறை அன்று பூட்டுத்தான். கல்லிலிருந்து அன்று ஒரு பொட்டுத் தூள்கூட உதிரக் கூடாது. ஆனால் அந்த ஒரு நாளை விட்டால் முகம் முடியாது, அண்ணன் தோல் எடுக்க நேரம் இருக்காது. முதல் நாள் சாயங்காலம் அவன் போன் செய்தான். குரலில் ஒரு கள்ளத்தனம்.

"பாப்பா, அமாவாச ஆளுக்குத்தான். மெஷினுக்கு இன்னா அமாவாச?"

"நீதான மெஷின ஓட்டணும்?"

"நான் எதுக்கு ஓட்டறேன்? தண்ணி குழாய வச்சி சுவிட்ச போட்டுட்டுப் பூட்டிகினு பூடுவேன். சுவிச்சு போடறது வேலையா? நீ அங்கேர்ந்து தட்டி வுடு. பட்டறைல ஒரு ஆளும் இருக்க மாட்டாங்க. உளி எடுத்ததா ஆவாது."

"அப்ப நான்?"

"நீ படூர்லதான கீற."

சிரித்துவிட்டேன். சாஸ்திரத்துக்குச் சந்து கண்டுபிடிப்பதில் எங்கள் ஆட்களை மிஞ்ச முடியாது. அந்தச் சந்தே நான் போட்ட வழிதான் என்பதில் எனக்கு உள்ளுக்குள் மிதப்பு வேறு.

மறுநாள் காலையில் அண்ணன் சுவிட்சைப் போட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டு, பீடத்தின் அளவு பார்க்க அந்த ஊருக்குப் போய்விட்டான். நான் நுழைந்தேன். முகத்துக்கான கோப்பு வழக்கமான இடத்தில் வழக்கமான பெயரோடு இருந்தது. ஓடவிட்டேன். மெல்லிய முனை ஒன்று மேலிருந்து கீழாக வரி வரியாகச் சீவியபடி ஒரு காதிலிருந்து மறு காதுக்கு நகரும். நிதானமான வேலை. அரை நாளுக்கு மேல் ஆகும்.

ஒரு மணி நேரம் கழித்து இணைப்பு அறுந்தது. எனக்கென்ன? மெஷின்தான் நிற்காதே. காபி போட்டுக்கொண்டு வந்து போனில் கேமராவைப் பார்த்தேன். காது வந்திருந்தது, கன்னம் வந்திருந்தது. முனை புருவத்தில் இறங்கிக் கண்மேட்டுக்கு வந்தது. வழுக்கிக்கொண்டு போக வேண்டிய இடத்தில் சட்டென்று ஆழமாக இறங்கியது. அடுத்த வரியிலும் இறங்கியது. இமையின் ஓரம் மாதிரி ஒரு கோடு.

காபி கையிலேயே இருந்தது. அடுத்த சில வரிகளில் சந்தேகமே இல்லை. என் மெஷின் அம்மனுக்குக் கண் திறந்துகொண்டிருந்தது. பூட்டிய கொட்டகையில், அமாவாசையில், சுற்றி ஓர் ஆள்கூட இல்லாமல்.

திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தேன், இணைப்பு வரவில்லை. வெட்டுவது தெரிகிறது, நிறுத்தத் தெரியவில்லை. எது நிற்கக் கூடாது என்று வாரக்கணக்கில் பாடுபட்டேனோ அது நிற்கவில்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுத்தான், ஆனால் கோயிலில் ரேடியோ செட் அலறிக்கொண்டிருந்தது. "இன்னா? இன்னா பாப்பா? கேக்கல. அப்றம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

பட்டறைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவரை அழைத்தேன்.

"அண்ணாத்த, எங்க பட்டறைல மெயின ஆஃப் பண்ணணும், அவசரம்."

"மெயினு எங்க கீது?"

"உள்ள, கேட்டுக்குப் பக்கத்துல."

"கேட்டு பூட்டிகீதே. உள்ள மெஷினு சத்தம் வந்துகினு கீது. அமாவாசைல இன்னாம்மா வேல?"

"பூட்ட உடைச்சிடுங்க."

"நான் பூட்ட ஒடைக்கிறேன், உங்கண்ணன் வந்து என்ன ஒடைப்பான். செவுத்துல ஏறலாம்னா அந்தாண்ட நாயி கீது. அது அவனையே கடிச்சிகீது."

மாற்றுச் சாவி என்னிடம் ஒன்று இருந்தது. ஸ்கூட்டியில் ஏறிவிட்டேன். ஹெல்மெட்டைக் கொக்கி போடாமலே கேளம்பாக்கம் தாண்டிவிட்டேன். கோவளம் திருப்பத்தில் கார்கள் நின்றன. அமாவாசைக்குக் கடலுக்குப் போகிறவர்கள், மீன் வாங்க வந்தவர்கள், தர்காவுக்கு வந்தவர்கள், எல்லோரும் என்னைத் தடுப்பதற்கென்றே வந்த மாதிரி இருந்தது. ஓரமாக நிறுத்திப் போனைப் பார்த்தேன். இடது கண்ணில் பாதிக் கருவிழி வந்திருந்தது. அந்தக் கேமராவை நேர் எதிரே மாட்டியது நான்தான். பாதிக் கண் என்னையே பார்த்தது. போனைப் பைக்குள் திணித்தேன். பார்க்கவும் பிடிக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

வழியெல்லாம் ஒரே கணக்குத்தான் ஓடியது. எப்படி வந்தது கண்? நான் வைத்த கோப்பில் கண் கிடையாது. நானே பலமுறை பார்த்தது. யார் தொட்டது? கோபம் வந்தது, அழுகை வந்தது, முன்னால் ஆமை மாதிரி போன டெம்போக்காரரை வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அடுத்து நிறுத்திப் பார்த்தபோது இடது கண் முழுசாக முடிந்திருந்தது. முனை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. கமிட்டி அக்கா எடுப்பான மூக்கு வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதை ஏறி இறங்க மெஷினுக்கு நேரம் பிடிக்கும். தாயே, உன் மூக்கை இன்னும் கொஞ்சம் உயரமாக வைத்திருக்கலாமே என்று வேண்டிக்கொண்டேன்.

டீக்கடைக்காரர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். பூட்டைத் திறந்தேன். நாய் என்னைக் கண்டு வாலாட்டியது. உள்ளே ஓடி மெஷினின் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தேன்.

சத்தம் அடங்கியது. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. முனை மூக்கைத் தாண்டி, வலது கண்மேட்டின் ஓரத்தில் நின்றிருந்தது. அந்தக் கண் தொடப்படவில்லை. இடது கண் திறந்திருந்தது. ஈரமாக, கறுப்பாக, குறையே சொல்ல முடியாத கண். நான் வரைந்த கண்தான். அதன் முன்னால் நிற்க என்னால் முடியவில்லை. ஒரு சாக்கை எடுத்து மூடினேன். பயந்துவிட்டேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

அண்ணன் வந்ததும் சாக்கை எடுத்துப் பார்த்தான். கட்டைவிரலால் அந்தக் கண்ணைத் தடவினான். நான் கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்து காட்டினேன். காட்டுவதற்கென்று செய்த கோப்பு, வெட்டும் கோப்பின் பெயரில், அதே இடத்தில் இருந்தது.

"நான்தான்" என்றான். "நேத்து கமிட்டிக்காரங்க மறுபடி பாக்கணும்னாங்க. காட்டினேன். கண்ணோட இருக்கறதுதான் கடைசியா செஞ்சது, அதான் சரியா இருக்கும்னு அதையே அங்க மாத்தி வச்சிட்டேன்."

கண்ணில்லாத கோப்பு எதற்கு என்று என்னைவிட அவனுக்குத் தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் பாப்பா செய்ததில் புதியது எதுவோ அதுவே சிறந்தது என்று எடுத்துக்கொண்டான். அவ்வளவு நம்பிக்கை. திட்ட வாய் வரவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்து நெடுநேரம் அந்த முகத்தையே பார்த்தான். பிறகு, "அந்த வழிய மூடிடு" என்றான்.

"அண்ணா, அதுல தப்பு…"

"மூடு பாப்பா. ஆளில்லாத எடத்துல எதுவும் நடக்க வேணாம்."

மூடினேன். சேவையை நிறுத்தினேன், சாவியை அழித்தேன், சர்வருக்குப் போகும் இணைப்பை எடுத்தேன். வைக்க வாரக்கணக்கானது, எடுக்க ஒரு டீ ஆறுகிற நேரம்தான். அம்மனுக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா என்று கேட்டால், அன்று சாயங்காலம் எனக்காகத்தான் அழுதேன்.

அண்ணன் எதையும் மறைக்கவில்லை. மறுநாளே கமிட்டி அக்காவை வரவழைத்து, அமாவாசை உட்பட எல்லாவற்றையும் சொன்னான். வேறு கல் எடுத்துச் செய்து தருகிறேன், நாளைத் தள்ளிப்போடுங்கள் என்று கும்பிட்டான். அக்கா சிலைக்கு முன்னால் போய் நின்றார். கை கூப்பினார். திரும்பியபோது முகம் சிவந்திருந்தது.

"அப்ப எங்க ஆத்தா மொதல்ல யாரப் பாத்தா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். கொட்டகையில் யாரும் இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். யாருமே இல்லாத இடத்தைப் பார்த்தாள் என்பது இன்னும் மோசம் என்று எனக்குத் தோன்றியது. கேமராவைக் காட்டினேன்.

"அதுக்குப் பின்னாடி நான் இருந்தேன்க்கா. என்னத்தான் பாத்துது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குக் கால் ஆடத் தொடங்கியது. நின்றுகொண்டே ஆடியது.

"பாத்துட்டு நீ இன்னா பண்ண?"

"ஓடியாந்தேன். இன்னொரு கண்ணத் தொறக்கறதுக்குள்ள நிறுத்தணும்னு."

"எங்கேர்ந்து?"

"படூர்லேர்ந்து."

அக்கா மறுபடி சிலையைப் பார்த்தார். தொடப்படாத வலது கண்மேட்டை விரலால் தொட்டார். அண்ணன் பக்கம் திரும்பிச் சொன்னார். "வேற கல்லு வேணாம். ஒரு கண்ணு இந்தப் பொண்ணப் பாத்ததா இருந்துட்டுப் போவட்டும். ஓடியாந்துதுல்ல. இன்னொண்ணு எங்குளுது. அத எங்க ஊர்ல வச்சி, நாங்க எல்லாரும் நிக்க சொல்லோ உன் கையால தொற."

அண்ணன் ஏதோ சாஸ்திரம் சொல்லப்போனான். "அமாவாசைல மெஷின ஓட்டிட்டு எனக்கு சாஸ்திரம் சொல்றியா?" என்றார்.

மீதி முகத்தை அண்ணன் உளியாலேயே முடித்தான். கண் திறக்கும் நாளில் காலை வெயிலில் ஊர் முழுக்கக் கோயில் வாசலில் நின்றது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்கள், சீருடையில் வந்த பிள்ளைகள், பசுவும் கன்றும். அண்ணன் சின்ன உளியால் வலது கண்ணின் கோட்டைத் திறந்து, தங்க ஊசியால் கருவிழியைத் தொட்டு, கண்ணாடி காட்டி விலகினான். பெண்கள் குலவை போட்டார்கள். கமிட்டி அக்கா வாய்விட்டு அழுதார். மெஷின் திறந்த கண்ணைவிட இந்தக் கண் ஒரு மயிரிழை உயரம். தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

திரும்பி வரும்போது வண்டியை அண்ணன்தான் ஓட்டினான். திருக்கழுக்குன்றம் தாண்டியதும், "அந்த வழியத் தொறந்து வுடு பாப்பா" என்றான். "ஒடம்பெல்லாம் நீ அங்கேர்ந்தே வெட்டு. முகம்னா நீ நேர்ல வந்து நிக்கணும். வந்தா சும்மா நிக்காத, ஒரு உளிய எடுத்துக்கோ." ரோட்டைப் பார்த்தபடிதான் சொன்னான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கும்பாபிஷேகத்துக்கும் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். அலங்காரம் முடிந்து திரை விலகியதும் நெரிசலில் என்னை அம்மனின் இடது கண் பக்கமாக ஓர் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பக்கத்தில் நின்ற பெண்மணிக்கு என்னைத் தெரியாது. புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, "இந்தாண்ட நின்னா ஆத்தா நம்மளயே பாக்கற மாதிரி கீது, பாத்தியா?" என்றார்.

"அந்தாண்ட நின்னா?"

"அந்தாண்ட நின்னா ஊரப் பாக்குது."

கூட்டம் நகர்ந்து அந்தப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான் நகரவில்லை. தீபாராதனை முடியும்வரை இந்தப் பக்கத்திலேயே நின்றேன்.